பெயர் மாற்றாத படகு

(ஒலிப்பதிவின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

திருப்பூரில் இருந்து பேசறேன். இந்த வாரம் ஒரு கேள்வியை எடுத்துக்கலாம். நம்ம நிகழ்ச்சியைக் கேட்கிற ஒருத்தர், ராமநாதபுரம் பக்கம் கடற்கரை ஊர்க்காரர். இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டரா இருக்கார். அவர் அனுப்பின கேள்வி இது: "ஊர்ல தம்பி ஒரு பழைய விசைப்படகு வாங்கியிருக்கான். முழுக் காசும் கொடுத்தாச்சு. படகு எங்க கையிலதான் இருக்கு. ஆனா பதிவுச் சான்றுல இருக்கிற பேரு எங்களுக்கு வித்தவர் பேரு இல்லை, அவருக்கு வித்தவர் பேரும் இல்லை. இருந்தாலும் படகு எங்களுதுதானே அண்ணா?"

ஏனுங்க, கடலே இல்லாத ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு படகு பத்தி என்ன பேச்சுன்னு நினைக்காதீங்க. இந்தக் கேள்விக்குள்ள இருக்கிற விஷயம் திருப்பூர்க்காரங்களுக்குத் தினமும் பழக்கமானது. எப்படீன்னு சொல்றேன்.

ஒரு கம்பெனி நூல் வாங்குது. அந்த நூல் நிட்டிங்குக்குப் போகுது. அங்கே துணியாகி சாயப்பட்டறைக்குப் போகுது. அங்கிருந்து காம்பாக்டிங், பிரிண்டிங்னு ஊரைச் சுத்தி வருது. சாயப்பட்டறையில் 10 நாள் கிடக்கிற துணி யாருடையது? துணி இருக்கிறது பட்டறைக்காரர் கையில். ஆனா அது அவருடையது இல்லைன்னு அவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், கூட வந்த டி.சி. புத்தகத்துச் சீட்டுக்கும் தெரியும். கையில் இருப்பது வேறு, சொந்தமாக இருப்பது வேறு. இந்த ஊரோட ஜாப் ஒர்க் முறை முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தின் மேலதான் நிக்குது. அந்தச் சீட்டு இல்லாமப் போய், பட்டறைக்காரரும் காலமாகி, அவர் பையன் "எங்க குடோன்ல இருக்கிற துணி எங்களுது"ன்னு சொன்னா என்ன ஆகும்? அப்பத்தான் அந்தச் சின்னத் தாளோட மதிப்பு தெரியும்.

சட்டமும் இதில் இரண்டு பக்கமும் பேசுது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 110-ஆவது பிரிவு என்ன சொன்னதுன்னா, ஒரு பொருள் ஒருவர் வசம் இருந்தால், "அது இவருடையது இல்லை" என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கணும். அதாவது கையில் வைத்திருப்பவருக்கு முதல் மரியாதை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27-ஆவது பிரிவு அடுத்த பக்கத்தைச் சொல்லுது. தன்னிடம் இல்லாத உரிமையை, சில விதிவிலக்குகள் தவிர, யாரும் இன்னொருத்தருக்கு விற்க முடியாது. நாம் நாணயமாக முழு விலை கொடுத்திருக்கலாம். விற்றவருக்கே உரிமை இல்லைன்னா, நமக்கு வந்ததும் இல்லைதான்.

இப்போ படகுக்கு வருவோம். காருக்கும் மொபெட்டுக்கும் சேஸ் நம்பர் இருக்கு. தொழிற்சாலையிலேயே இரும்பில் அடிச்சு அனுப்பறாங்க. ஆர்.சி. புத்தகம் தொலைஞ்சாலும் வண்டியே தன் அடையாளத்தைச் சொல்லும். மரப்படகுக்கு அது கிடையாது. நம்ம கடற்கரையில் மரப்படகைக் கட்டுறவர் ஓடாவி. தச்சு வேலையில் தலைமுறை தலைமுறையா வந்த அறிவு அது. மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஏரா வெச்சு, வங்கு நிறுத்தி, பலகை அடிச்சுக் கடற்கரையிலேயே கட்டி முடிப்பார். அங்கே ஃபேக்டரி பில்லும் இல்லை, மாடல் நம்பரும் இல்லை. தொழிற்சாலையில் அடிச்ச எண் அந்தப் படகில் எங்கேயாவது இருக்குன்னா, அது இஞ்சினில் மட்டும்தான். இஞ்சினையும் நாலு வருஷத்தில் மாத்திடுவாங்க. பலகையை வருஷா வருஷம் மாத்துவாங்க.

அப்போ அந்தப் படகு யாருடையது என்பதற்குப் பழைய காலத்தில் எது சாட்சி? கரைதான் சாட்சி. எந்தக் கட்டுமரம் யாருடையது, எந்த வள்ளத்தில் யாருக்கு எத்தனை பங்கு, யார் யாரிடம் முன்பணம் வாங்கியிருக்கார் என்பதெல்லாம் கடற்கரை ஊருக்கே மனப்பாடம். விற்கும்போது நாலு பெரியவங்க முன்னாடி பணம் கைமாறும். தகராறு வந்தா ஊர்க்கூட்டம் பேசித் தீர்க்கும். அதைக் குறைவாச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடத்தில் அதைவிட நல்ல பதிவேடு கிடையாது. ஆனா அதுக்கு ஒரு எல்லை உண்டு. ஊர்க்காரங்க சொல்லை மதிக்கிற இடம் வரைக்கும்தான் அது செல்லும்.

சரி, படகைக் காகிதத்தில் எழுதற வழக்கம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் வரலாறு சுவாரசியமாகுது. அது உரிமையாளரைக் காப்பாத்த வந்ததே இல்லை. 1786-இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. மேல்தளம் உள்ள, 15 டன்னும் அதற்கு மேலும் கொள்ளும் கப்பல் எல்லாம் பதிவு செய்யப்படணும்னு. காரணம்? அமெரிக்கா அப்போதான் கைவிட்டுப் போயிருந்தது. பிரிட்டிஷ் கப்பல்களுக்கு மட்டும் உள்ள வணிகச் சலுகையை அமெரிக்கக் கப்பல்கள் அனுபவிச்சிடக் கூடாது. அதுக்கு எது நம்ம கப்பல், எது அவங்க கப்பல்னு பிரிச்சுப் பார்க்கணும். அதுக்குத்தான் பதிவேடு.

ஆனா ஒரு தடவை எழுதிட்டா, எழுதினது வேற வேலைக்கும் பயன்படும். பதிவேட்டில் உரிமையாளர் பெயர் வந்துச்சு. 19-ஆம் நூற்றாண்டில் ஒரு கப்பலை 64 பங்காகப் பிரித்து, யாருக்கு எத்தனை பங்கு என்று அதிலேயே எழுத ஆரம்பிச்சாங்க. 1854-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கப்பலோட பதிவு எண்ணை அதன் முதன்மை உத்தரத்திலேயே செதுக்கினாங்க. பலகைக்கு ஒரு சேஸ் நம்பர்னு வெச்சுக்குங்க. கப்பலை விற்றாலும் பெயரை மாத்தினாலும் அந்த எண் கூடவே போகும். இன்னைக்குத் தூத்துக்குடியில் இருந்து நம்ம ஊர்ச் சட்டைகளை ஏத்திக்கிட்டுப் போகிற சரக்குக் கப்பல்களுக்கும் அதே மாதிரி ஒரு எண் உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1987-இல் கொண்டுவந்து 1996-இல் கட்டாயமாக்கியது. கொடி மாறினாலும் முதலாளி மாறினாலும் அந்த எண் மாறாது.

இந்தியாவில் கம்பெனி ஆட்சியிலேயே இது ஆரம்பிச்சாச்சு. 1838-இல் பம்பாய் மாகாணத்துக் கரையோரக் கலங்களுக்கு ஒரு சட்டம். 1841-இல் கப்பல் பதிவுக்கு ஒரு சட்டம். சுதந்திரத்துக்குப் பிறகு 1958-இல் வணிகக் கப்பல் சட்டம் வந்துச்சு. இங்கிலாந்தில் 64 பங்கு என்றால், நம்ம 1958 சட்டத்தில் ஒரு கப்பலுக்கு 10 பங்கு.

இந்த இடத்தில் வ.உ.சி.யைச் சொல்லாமப் போக முடியாது. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாகுது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. நமக்கு இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே தெரியும். அதிகம் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. ஆரம்பத்தில் சங்கத்துக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக் கப்பலை வெச்சுத்தான் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓட்டினாங்க. போட்டிக்கு நின்ற பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி கட்டணச் சண்டையோட நிறுத்தலை. கப்பலை வாடகைக்குக் கொடுத்தவங்க மேல நெருக்கடி கொடுத்து, அந்த வாடகையையே ரத்து பண்ண வெச்சுது. கப்பல் ஓடுது, பயணிகள் இருக்காங்க, மக்கள் ஆதரவு இருக்கு. ஆனா கப்பல் அடுத்தவன் பேரில் இருக்கு. அவன் எடுத்துக்கிட்டான், முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் வ.உ.சி. ஊர் ஊராகப் போய்ப் பங்கு விற்று, 1907-இல் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோன்னு இரண்டு கப்பலைச் சங்கத்தின் சொத்தாகவே கொண்டு வந்தார். பேர் யாருடையது என்பது வெறும் அலுவலக விஷயம் இல்லைன்னு அந்த அனுபவத்திலேயே தெரிஞ்சுபோச்சு.

இதுவரை பேசினது பெரிய கப்பல். மீன்பிடிப் படகு எப்போ இந்தக் காகிதத்துக்குள்ள வந்தது? ரொம்பத் தாமதமா. இஞ்சின் வெச்ச படகுகள் 1950-களில் இருந்து அரசாங்கத் திட்டங்களோட நம்ம கடற்கரைக்கு வர ஆரம்பிச்சுது. 1970-களில் இழுவலை போடற விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் மோதல் பெரிசாச்சு. அந்த மோதலுக்குப் பதிலாகத்தான் 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. கரையில் இருந்து 3 கடல்மைல் வரை நாட்டுப்படகுக்கு, அதுக்கு அப்பால் விசைப்படகுக்குன்னு பிரிச்சுது. பிரிக்கணும்னா எது எந்தப் படகு, யாருடையதுன்னு தெரியணுமில்லையா? அதனால பதிவும் உரிமமும் கட்டாயமாச்சு. அதே 1983-இல்தான் மத்திய வணிகக் கப்பல் சட்டத்திலும் மீன்பிடிப் படகுகளுக்கென்று தனிப் பகுதி சேர்ந்தது.

அடுத்த திருப்பம் 2008 நவம்பர் 26. மும்பையைத் தாக்க வந்தவங்க நடுக்கடலில் ஒரு இந்திய மீன்பிடிப் படகைப் பிடிச்சு, அதில்தான் மும்பைப் பக்கம் வந்தாங்க. போர்பந்தரில் பதிவான 'குபேர்' என்ற படகு. பார்க்கிறவங்க கண்ணுக்கு அது இன்னொரு மீன்பிடிப் படகு, அவ்வளவுதான். 2009-இல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரே மாதிரியான பதிவு முறையைக் கொண்டுவந்தது. படகுக்கு நிறக் குறியீடு, மீனவருக்குப் பயோமெட்ரிக் அட்டை, கணினியில் பதிவேடு எல்லாம் அதைத் தொடர்ந்து வந்தவை. இப்போ செய்திகளில் பார்க்கறோமே, ஐ.என்.டி. – டி.என். – 10 – எம்.எம். என்று தொடங்கும் படகு எண்கள், அது அந்த முறைதான். நம்ம ஊர் வண்டிக்கு டி.என். 39, டி.என். 42 மாதிரி, படகில் 10 என்றால் ராமநாதபுரம், 6 என்றால் நாகப்பட்டினம். எம்.எம். என்றால் விசைப்படகு.

கவனிச்சீங்களா? 1786-இல் வணிகச் சலுகை, 1983-இல் மோதல், 2009-இல் பாதுகாப்பு. எந்தத் தடவையும் "படகுக்காரனோட உரிமையைக் காப்பாத்தணும்"னு இது தொடங்கலை. அரசாங்கம் தன் தேவைக்குத்தான் எழுத ஆரம்பிச்சுது. அதனால்தான் கடற்கரையில் பலருக்கு அது அதிகாரிகளோட வேலையாத் தெரியுது. "நம்ம படகு நமக்குத் தெரியாதா?" என்கிற மனநிலை. பழைய பேர்லயே படகு ஓடுது. சீசன் நல்லாப் போகுது. பெயர் மாற்றம் அடுத்த வருஷம், அதுக்கு அடுத்த வருஷம்னு தள்ளிப் போகுது. கைமாற்றம் இரண்டாகி, மூணாகிடுது.

ஓடற வரைக்கும் பிரச்சினை தெரியாது. மானிய டீசல், மீன்பிடித் தடைக்காலத்தில் துறை நடத்தும் படகு ஆய்வு, காப்பீடு, எல்லாம் பதிவேட்டில் உள்ள பேரைத்தான் தேடும். பழைய உரிமையாளர் நல்ல மனுஷனா இருக்கிற வரை, அவர் கையெழுத்தை வாங்கி ஓட்டிடலாம். அவருக்குக் கடன் வந்து வங்கி தேடி வந்தா? அவர் இறந்து, பிள்ளைகள் பங்கு பிரிச்சா? 2004 சுனாமி மாதிரி, 2018 நவம்பரில் கஜா மாதிரி ஒரு நாள் வந்து படகு உடைஞ்சு போனா? நிவாரணக் கணக்கு எடுக்கிற இடத்தில் முதல் கேள்வியே படகு யார் பேரில் இருக்கு என்பதுதான். ஓடற படகைக் கண்ணால் காட்டலாம். மூழ்கின படகைக் காகிதத்தில்தான் காட்ட முடியும்.

இன்னும் கடுமையான இடம் பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம். இலங்கைக் கடற்படை பிடிச்ச தமிழ்நாட்டுப் படகுகளோட கதை நமக்குத் தெரியும். 2018 ஜனவரியில் இலங்கை நாடாளுமன்றம் வெளிநாட்டு மீன்பிடிப் படகுச் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தைப் படகின் நீளத்தைப் பொறுத்து இலங்கை ரூபாயில் 50 லட்சத்தில் இருந்து 17.5 கோடி வரை உயர்த்தியது. வழக்கு அங்கே நீதிமன்றத்துக்கு வரும்போது, படகைத் திரும்பக் கேட்கிற உரிமையாளர் நேரில் வந்து ஆவணத்தைக் காட்டணும்னு உத்தரவாகுது. வரலைன்னா படகு அரசுடைமை. பெயர் மாற்றாத படகு என்றால் யார் போவது? காசு கொடுத்தவரிடம் காகிதம் இல்லை. காகிதத்தில் இருப்பவருக்குப் படகு வித்தாச்சு, அவர் எதுக்குக் கடல் தாண்டிப் போய் நிக்கணும்? 2022 பிப்ரவரியில் இலங்கை அரசு இப்படிப் பிடிபட்ட 105 படகுகளை ஏலம் விடறதா அறிவிச்சுது. அந்தப் படகுகள் எல்லாம் பெயர் மாற்றாதவைன்னு நான் சொல்லலை. காகிதம் சரியா இருந்தவங்களுக்கே அங்கே போராட்டம்தான். காகிதம் இல்லாதவங்களுக்குப் போராட ஒரு வாசல் கூடத் திறக்காது.

விற்றவருக்கும் இதில் நிம்மதி இல்லை. இது வண்டி விற்கிற நம்ம எல்லாருக்கும் பொருந்தும். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒரு கார் பல கை மாறியிருக்கு, பதிவு மட்டும் முதல் ஆள் பேரிலேயே இருக்கு. விபத்து நடந்தது. இழப்பீடு யார் கொடுப்பது? பதிவேட்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. அடிபட்டவங்க ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லைன்னும் சொன்னது. இத்தனைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தில் விற்றவர் 14 நாளில், வாங்கியவர் 30 நாளில் தெரிவிக்கணும்னு விதி இருக்கு. நம்ம ஊரில் எத்தனை டி.வி.எஸ். 50 இன்னும் பழைய முதலாளி பேரிலேயே நூல் கோன் சுமந்துக்கிட்டு ஓடுதுன்னு நினைச்சுப் பாருங்க.

அப்போ கேள்வி அனுப்பினவருக்குப் பதில் என்ன? படகு உங்க வசம் இருக்கு. அது சின்ன விஷயம் இல்லை. ஆனா அது உங்களுதுன்னு மூணாம் மனுஷர்கிட்டச் சொல்ல உங்ககிட்ட இப்போ எதுவும் இல்லை. செய்ய வேண்டியது சங்கிலியைப் பின்னோக்கிக் கட்டறதுதான். உங்களுக்கு வித்தவர் இருக்கும்போதே, சாட்சியோட எழுத்தில் விற்பனை ஒப்பந்தம் வாங்குங்க. இஞ்சின் எண், படகின் நீள அகலம், பதிவு எண், கொடுத்த தொகை எல்லாம் அதில் வரட்டும். பணம் வங்கி வழியாப் போயிருந்தா அந்தக் கணக்கையும் எடுத்து வையுங்க. அவருக்கு வித்தவரைத் தேடி அதே மாதிரி ஒரு எழுத்து. கடைசியில் சான்றில் பேர் உள்ளவரிடம் அசல் சான்றும் சம்மதமும். படகு மேல கடன் இருந்திருந்தா வங்கியில் இருந்து தடையின்மைச் சான்று. பேர் உள்ளவர் இறந்திருந்தா வாரிசுச் சான்றோட எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேணும். ஒரு பிள்ளை மட்டும் கையெழுத்துப் போட்டாப் போதாது. இதையெல்லாம் எடுத்துக்கிட்டு அந்தப் பகுதி மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகணும். படகை நேரில் பார்த்து, பெயர் மாற்றித் தருவாங்க. நடுவில் ஒருத்தரைக் கண்டுபிடிக்கவே முடியலை, இல்லை கையெழுத்துப் போட மறுக்கறார்னா, 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டப்படி, படகு எங்களுடையதுன்னு அறிவிக்கக் கேட்டு உரிமையியல் நீதிமன்றம் போகலாம். அதுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க. அங்கே கரைக்காரங்க சாட்சி உண்மையிலேயே உதவும்.

வாங்கறதுக்கு முன்னாடி இருக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம். மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாறின பிறகு தரேன்னு நிறுத்தி வையுங்க. விற்கிறவர் தானா அலுவலகத்துக்கு வருவார்.

நம்ம ஆறுகளுக்கும் ஒரு வார்த்தை. காவிரியிலும் பவானியிலும் ஓடின பரிசலுக்குப் பொதுவா யாரும் பேர் கேட்கலை. 1917-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் நீராவிப் படகுகளை மனசில் வெச்சு எழுதினது. அதுக்குப் பதிலா வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டம், இஞ்சின் இல்லாத கலங்களையும் உள்ளாட்சி அளவில் பதிந்துவைக்க வழி செய்யுது. துடுப்புப் போடற கலமும் பதிவேட்டுக்கு வரும் காலம் இது.

கரைக்காரங்க சொல் பொய் இல்லீங்க. அந்தப் படகு யாருடையதுன்னு அவங்களுக்குத்தான் சரியாத் தெரியும். ஆனா படகு கரையிலேயே நிக்கிற பொருள் இல்லையே. முகம் தெரியாதவங்க இருக்கிற இடத்துக்குத்தான் அது போகுது. அங்கே ஊர்ப் பெரியவங்க கூட வர முடியாது. அவங்க சொன்னதை எழுதி எடுத்துக்கிட்டுப் போகிறதுதான் பதிவு.

உங்க வீட்டு வண்டி, தறி, மெஷின் எதுவா இருந்தாலும் இந்த வாரம் காகிதத்தை எடுத்து யார் பேர் இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த வாரம் வேற ஒரு கேள்வியோட வர்றேன்.